‘தண்ணி’ என்று சொல்லாத கருவி

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மின்னியல் கருவிகள்வழி கற்பிப்பது பற்றி நம் நாட்டில் நடக்கும் தமிழ் உரைகளைக் கேட்டவர்களுக்கு அதன் வரிசை மனப்பாடமாகியிருக்கும். மேடையில் ஒரு திரை. அதில் வண்ணப் படங்கள் ஓடும். ‘21ஆம் நூற்றாண்டுக் கற்றல்’ என்ற தொடர் இரண்டு முறையாவது வரும். புத்தாக்கப் போட்டியில் வாங்கிய தங்கப் பதக்கத்தின் படம் ஒன்று வரும். கடைசியில் நற்சான்றிதழ், குழுப்படம், பசியாறல். அந்தக் கருவியை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை அன்று மாலை வீட்டில் அம்மாவிடம் என்ன சொன்னான் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். ஏனென்றால் பெரும்பாலும் அவன் எதுவும் சொல்லியிருக்க மாட்டான். சொல்வதற்கு அந்தக் கருவியில் இடமே இல்லை.

என் வாதம் இதுதான். பேச்சு வராத, அல்லது மிகக் குறைவாகப் பேசுகிற ஆட்டிசப் பிள்ளைக்கு டேப்லெட் முதலில் வாயாக இருக்க வேண்டும். பாடநூல், பரிசு, விளையாட்டு எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வாய், பிள்ளை வீட்டில் கேட்கும் மொழியைப் பேச வேண்டும். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு அது தமிழ். அதிலும் மேடையில் கேட்கும் தமிழைவிட அடுக்களையில் கேட்கும் தமிழ். இந்த மூன்று படிகளிலும் நாம் சறுக்கியிருக்கிறோம். பணமும் ஆளும் பற்றாக்குறை என்பது உண்மை. ஆனால் தமிழைப் பற்றி நாம் வைத்திருக்கும் கற்பனைக்கும் இதில் பங்கு உண்டு. இதை ஒரு கல்வி மாநாட்டு மலருக்குக் கொடுக்காமல் இலக்கிய வாசகர்கள் படிக்கும் இடத்தில் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

பரிசு, தாலாட்டு, புதிர்

சிறப்புக் கல்வி வகுப்புகளில் நான் பார்த்தவரையில் டேப்லெட்டுக்கு மூன்று வேலைகள்.

முதலாவது, பரிசு. பத்து மணி கோர்த்தால் ஐந்து நிமிடம் யூடியூப். இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 40 மணி நேரம் ஆட்டிசப் பிள்ளைகளைத் தனித்தனியே உட்கார வைத்து, சரியாகச் செய்தால் பரிசு என்ற முறையில் பழக்குவதைப் பற்றியது. உலகம் முழுக்க இருக்கும் பயிற்சி நிலையங்கள் அந்த வழியில்தான் வளர்ந்தன. அன்று மிட்டாய். இன்று அந்த இடத்தில் திரை.

இரண்டாவது, தாலாட்டு. பிள்ளை அழுகிறான், தலையில் அடித்துக்கொள்கிறான். கையில் டேப்பைக் கொடு. கடையிலும் கல்யாண மண்டபத்திலும் இதைச் செய்கிற பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. நாற்பது பேர் திரும்பிப் பார்க்கும்போது அந்தத் தாய்க்கு வேறு வழி இல்லை. ஆனால் வகுப்பறையிலும் அதே வழி என்றால் அதற்குப் பெயர் கற்பித்தல் கிடையாது.

மூன்றாவது, புதிர். படத்தைத் தொடு, சரியான சொல்லோடு சேர். சரியென்றால் கைதட்டல், தவறென்றால் ‘டொய்ங்’. மேலே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண வகுப்பில் நாற்பது பிள்ளைகளை உற்சாகப்படுத்தச் செய்த விளையாட்டை அப்படியே கொண்டுவந்து, மின்விசிறியின் சத்தமே அதிகமாகக் கேட்கும் பிள்ளையின் முன்னால் வைக்கிறோம். அவன் காதைப் பொத்திக்கொண்டால் பதிவேட்டில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுகிறோம். நான் பார்த்த ஒரு வகுப்பில் ஒரு பையன் ஒவ்வொரு கேள்விக்கும் வேண்டுமென்றே தவறான படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த ‘டொய்ங்’ பிடித்திருந்தது. டீச்சர் அதைப் புரிந்துகொண்டு சிரித்தார். ஆனால் அன்றைய அறிக்கையில் அவனுக்குக் கிடைத்தது பூஜ்யம். ஒரு பிள்ளை தனக்குப் பிடித்ததை இவ்வளவு தெளிவாகத் தெரிவித்தும் அதைப் பதிவுசெய்யக் கருவியிலோ படிவத்திலோ ஒரு கட்டம் இல்லை.

இந்த மூன்று வேலைகளிலும் பேசுவது கருவி, கேட்பது பிள்ளை. கேள்வி எப்போதும் அங்கிருந்து இங்கே வரும். பிள்ளை கேட்க, நாம் பதில் சொல்லும் வாய்ப்பு ஒருமுறைகூட வராது.

திருத்த வேண்டியது யாரை?

இன்னும் நவீனமான கருவிகளும் இதே திசையில்தான் போகின்றன. 2007இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சைமன் பாரன்-கோஹன் குழு ‘த டிரான்ஸ்போர்ட்டர்ஸ்’ என்ற அசைபடத் தொடரை வெளியிட்டது. ரயில், டிராம் போன்ற வாகனங்களுக்கு மனித முகம் ஒட்டி, முகத்தில் தெரியும் உணர்ச்சிகளை ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டும் முயற்சி அது. நம் ஷா ஆலமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நாவோ’ என்ற மனித உருவ ரோபோவை ஆட்டிசப் பிள்ளைகளோடு பழகவிட்டு, 2012 வாக்கில் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். இவற்றுக்கெல்லாம் பயன் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எல்லாவற்றின் அடியிலும் ஒரே எண்ணம் இருக்கிறது: நம் முகத்தை அவன் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், நம் கண்ணை அவன் பார்க்க வேண்டும்.

பிரிட்டனைச் சேர்ந்த டேமியன் மில்டன், தாமே ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர், 2012இல் இதைத் திருப்பிப் போட்டார். புரிந்துகொள்ள முடியாமை இரு பக்கத்திலும் இருக்கிறது என்றார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரிவது எவ்வளவு கடினமோ, மற்றவருக்கு அவரைப் புரிவதும் அவ்வளவு கடினம். ஆனால் பயிற்சிக்கு அனுப்பப்படுவது எப்போதும் ஒரு தரப்புதான்.

இலக்கியம் படிப்பவர்கள் இதை மில்டனுக்கு முன்பே மெல் பேக்ஸிடம் பார்த்திருக்கலாம். 2007 ஜனவரியில் அவர் யூடியூபில் ‘என் மொழியில்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு காணொளி வெளியிட்டார். முதல் பகுதியில் பேச்சே இல்லை. அவர் ஏதோ ஒரு ராகத்தில் முனகுகிறார், கைகளை அசைக்கிறார், குழாய்த் தண்ணீரில் விரலை வைத்து விளையாடுகிறார். இரண்டாம் பகுதிக்கு ‘மொழிபெயர்ப்பு’ என்று பெயர். அவர் தட்டச்சு செய்ததை ஓர் இயந்திரக் குரல் படிக்கிறது. தண்ணீரோடு நான் செய்தது குறியீடு ஒன்றுமில்லை, சுற்றியிருக்கும் எல்லாவற்றோடும் நான் நடத்தும் உரையாடல் அது. உங்கள் மொழியை நான் கற்காதபோது அதைக் குறை என்கிறீர்கள், என் மொழியை நீங்கள் கற்காதபோது அதை இயல்பு என்கிறீர்கள் என்ற பொருளில் அந்தக் குரல் பேசும். ஒரு மின்னியல் கருவி என்ன செய்ய முடியும் என்பதற்கு நான் காட்டும் சான்று அந்தக் காணொளிதான். அது அவரைச் சோதிக்கவில்லை. அவர் நம்மைக் கேள்வி கேட்க உதவியது.

வாயாகும் கருவி

படத்தைக் காட்டிப் பேசும் முறை புதிது ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ரோஸ்ட் இருவரும் 1985இல் படப் பரிமாற்ற முறையை உருவாக்கினார்கள். பிள்ளை பிஸ்கட் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுப்பான். அவர் பிஸ்கட் தருவார். சின்னச் செயல்தான். ஆனால் முதல் அடியை எடுத்து வைப்பது பிள்ளை. அதில்தான் அதன் பலம். பிறகு படத்தைத் தொட்டால் குரல் ஒலிக்கும் தனிக் கருவிகள் வந்தன. விலை பல ஆயிரம் டாலர். 2009இல் ‘ப்ரோலோகுவோ2கோ’ என்ற செயலி வந்தது. அடுத்த ஆண்டே ஐபேட் வந்ததும் அந்தப் பேசும் பலகை சாதாரண மனிதர் கைக்கு எட்டும் தூரத்துக்கு நகர்ந்தது.

எட்டும் தூரம் என்பது யாருக்கு? அந்தச் செயலியின் விலை ஏறக்குறைய 250 அமெரிக்க டாலர். நம் காசுக்கு ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி. டேப்லெட்டின் விலை தனி. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சிறப்புத் தேவை மாணவருக்கு அரசு தரும் உதவித்தொகை மாதம் 150 வெள்ளி. ஒரு பிள்ளையின் வாய்க்கு அவனுடைய ஏழு மாத உதவித்தொகை. அப்படிச் சேர்த்து வாங்கினாலும் அது ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு, டச்சு ஆகிய மொழிகளில் பேசும்.

இங்கே வழக்கமாக ஒரு பயம் எழும். “டேப்லெட்டே பேசிட்டா பிள்ள எதுக்குப் பேசப்போறான்? சோம்பேறி ஆயிடுவான்.” பாட்டிகள் மட்டும் அல்ல, ஆசிரியர்களும் இதைச் சொல்வார்கள். 2006இல் டயான் மில்லர், ஜேனிஸ் லைட், ரால்ஃப் ஷ்லாசர் மூவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களிடம் ஒழுங்கான முறையில் நடந்த ஆய்வுகளில் 27 பேர் தேறினார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இருந்த பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குக் கூடியிருந்தது. கூடியது சிறிய அளவுதான். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. 2014இல் கோனி கசாரி குழு, மிகக் குறைவாகப் பேசும் 5 முதல் 8 வயது வரையிலான 61 ஆட்டிசப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்தது. விளையாட்டோடு கூடிய ஒரே பயிற்சிதான் எல்லாருக்கும். முதலிலிருந்தே குரல் தரும் கருவியையும் சேர்த்துப் பெற்றவர்கள், கருவி இல்லாமல் தொடங்கியவர்களைவிட அதிகமாகத் தாமாகப் பேச முன்வந்தார்கள். ஊன்றுகோல் கொடுத்தால் கால் மறந்துவிடும் என்று யாரும் பயப்படுவதில்லை. வாய்க்கு மட்டும் ஏன் இந்தப் பயம்?

“வீட்ல ஒரே மொழி பேசுங்க”

இரண்டாவது சறுக்கல் இது. பிள்ளைக்கு மூன்று வயது. பேச்சு வரவில்லை. பரிசோதனை முடிந்து வெளியே வரும்போது பெற்றோர் கையில் இரண்டு இருக்கும்: ஆட்டிசம் என்ற சொல், ஓர் அறிவுரை. பிள்ளை குழம்பிவிடுவான், ஒரே மொழி பேசுங்கள். அந்த ஒரே மொழி எதுவென்று சொல்லத் தேவையில்லை. பயிற்சி நிலையத்தில் ஆங்கிலம். அரசு வகுப்பில் மலாய். கழற்றிவிட வேண்டியது தமிழ்.

ஆய்வுகள் இதற்குத் துணை நிற்கவில்லை. மாண்ட்ரியலில் கேத்தரின் ஹாம்ப்ளியும் எரிக் ஃபொம்பொனும் 75 ஆட்டிசப் பிள்ளைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கட்டுரையில், இரு மொழிச் சூழலில் வளரும் பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிட மொழி வளர்ச்சியில் பின்தங்கவில்லை என்று கண்டார்கள். அதே ஆண்டு வான்கூவரில் சீனமும் ஆங்கிலமும் கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகளைப் பற்றிய சிறிய ஆய்வும் அதையே சொன்னது. இது தெரிந்து பல ஆண்டுகள் ஆகியும் பழைய அறிவுரை நம் ஊரில் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அந்த அறிவுரை ஒரு வீட்டில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா வேலைக்குப் போகிறார், அம்மாவும் போகிறார். பகல் முழுக்கப் பிள்ளை பாட்டியிடம். பாட்டிக்குத் தமிழ்தான் வரும். பாட்டி பேசினால் பிள்ளை கெட்டுவிடும் என்று வெள்ளைக்கோட்டுப் போட்ட ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பாட்டி பேசாமல் சோறு ஊட்டுகிறார். தாலாட்டு இல்லை, திட்டு இல்லை, “எஞ் சாமி” இல்லை. அம்மா தனக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் “கம், சிட், ஈட்” என்று கட்டளை மட்டும் இடுகிறார். வீட்டில் மற்றவர்கள் தமிழில் சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். அந்தப் பேச்சில் எதுவும் அவனை நோக்கி வருவதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை தன் உலகத்தில் தனியாக இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே அவனைத் தனியாக்கும் வேலையை நாமே செய்து முடிக்கிறோம்.

பள்ளிகளும் காப்பாற்றுவதில்லை. சட்டத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது. ‘கல்வி கற்கத் தகுதியுள்ள’ பிள்ளைகளுக்கு மட்டுமே சிறப்புக் கல்வி என்றிருந்த 1997ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2013இல் புதிய விதிகள் வந்தன. 2019 முதல் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையும் நடப்பில் உள்ளது. ஆனால் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் எல்லாவற்றிலும் சிறப்புக் கல்வி வகுப்பு கிடையாது. பக்கத்தில் இல்லையென்றால் பிள்ளை தேசியப் பள்ளியின் சிறப்பு வகுப்புக்குப் போவான். சிங்கப்பூரில் நிலைமை இன்னும் நேர்த்தியானது. அங்கே 2019 முதல் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயம். வசதிகளும் நிறைய. ஆனால் சிறப்புப் பள்ளியின் வகுப்பு மொழி ஆங்கிலம். அங்கும் தமிழ்தான் முதலில் உதிர்கிறது. தமிழ்ப்பள்ளிக்கே பிள்ளையை அனுப்புங்கள் என்று முழங்குகிறவர்கள், இந்தப் பிள்ளைகளையும் எண்ணிக்கையில் சேர்த்துத்தான் முழங்குகிறார்களா?

ஒரு பொத்தான், ஒரு வாக்கியம்

சரி, தமிழ் பேசும் செயலியே இல்லையா? இருக்கிறது. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ இந்திய மொழிகளுக்காகவே பிறந்தது, தமிழும் பேசுகிறது. அங்குள்ள வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்த கருவி அது. அதைச் செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இன்று சாதாரணக் கைப்பேசியிலேயே தமிழை வாசிக்கும் குரல்கள் வந்துவிட்டன. எனவே தமிழில் தொழில்நுட்பம் இல்லை என்ற சாக்கு செல்லாது.

உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எந்தத் தமிழ்?

ஆங்கிலப் பலகையை அப்படியே தமிழாக்கினால் முதல் கட்டத்தில் ‘நான்’, அடுத்ததில் ‘விரும்புகிறேன்’, அதற்கடுத்து ‘தண்ணீர்’ என்று வரும். மூன்றையும் வரிசையாகத் தொட்டால் ‘நான் விரும்புகிறேன் தண்ணீர்’ என்று கருவி சொல்லும். எந்தத் தமிழ் வீட்டிலும் எந்தப் பிள்ளையும் அப்படிச் சொன்னதில்லை. கொஞ்சம் திருத்தி ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று போட்டால் இலக்கணம் சரி. ஆனால் பிள்ளை தினமும் கேட்பது ‘தண்ணி’. ‘தண்ணி வேணுமா?’ என்று அம்மா கேட்கிறார். கருவியோ ‘தண்ணீர் வேண்டும்’ என்கிறது. நமக்கு இரண்டும் ஒன்று. பள்ளிக்கூடம் போய் அதைப் பழகிக்கொண்டோம். ஒலிகளை உள்ளது உள்ளபடி பிடித்து வைத்திருக்கும் பிள்ளைக்கு அவை இரண்டு சொற்கள். அம்மாவின் வாயிலிருந்து வந்ததுதான் இந்தப் பொத்தானிலிருந்தும் வருகிறது என்ற இணைப்பு விழுந்தால்தான் கருவி வாயாகும். விழாவிட்டால் அது இன்னொரு பாடம்.

சென்னைப் பிள்ளைக்கு இடம் பெறும் சொற்களில் நம் பிள்ளையின் உலகம் அடங்காது என்பதும் இயல்பு. பசியாறணும், மைலோ, ரொட்டி சானாய், பாசார், சடக்கு, ‘ரெண்டு வெள்ளி குடு’. இவை இல்லாத பலகையை வைத்துக்கொண்டு கிள்ளானில் ஒரு பிள்ளை என்ன பேசுவான்?

வேடிக்கை என்னவென்றால், இந்த வேலைக்குத் தமிழைப்போல வசதியான மொழி குறைவு. ஆங்கிலத்தில் பசிக்கிறது என்று சொல்ல மூன்று சொற்களைக் கோர்க்க வேண்டும். தமிழில் ‘பசிக்குது’. ஒரு பொத்தான், முழு வாக்கியம். வலிக்குது, பயமா இருக்கு, பிடிக்கல, தெரியல, போதும், வேணும், வேணாம், இன்னும், குடு, வா, போலாம். எழுவாய் தேவையில்லை, வரிசை தேவையில்லை. இரண்டு சொல்லைச் சேர்க்க முடியாத பிள்ளையும் தமிழில் முதல் நாளிலேயே முழு வாக்கியம் பேசலாம். நம் மொழி இந்தப் பிள்ளைக்காகவே வைத்திருந்ததுபோன்ற இந்த வசதியை நாம் பயன்படுத்தவில்லை. காரணம் கேட்டால், ‘வேணாம்’ என்று பொத்தானில் எழுதுவது கொச்சை.

கைப்பேசிக் குரலுக்கு இந்தக் கூச்சம் இல்லை. ‘வேணாம்’ என்று எழுதினால் ‘வேணாம்’ என்று வாசிக்கும். கூச்சம் நமக்குத்தான். பள்ளியில் தயாரிக்கும் எந்த அட்டையிலும் ‘தண்ணி’ என்று அச்சிட ஒரு தமிழாசிரியருக்கு மனம் வராது. வந்தாலும் மேலிருப்பவர் விடமாட்டார். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் முறையாக ஏற்றார்கள். அப்போதும் தமிழ் கெட்டுவிடும் என்ற குரல்கள் எழுந்தன. வாயுள்ள பிள்ளைகளின் தமிழைக் காப்பாற்ற எழுந்த குரல்கள் அவை. வாயில்லாத பிள்ளைக்குத் தமிழ் கிடைக்காமலே போவதைப் பற்றி அவற்றுக்கு அக்கறை இருந்ததில்லை.

எதிரொலிப் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். லியோ கானர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதையும் ‘நான்’ வர வேண்டிய இடத்தில் ‘நீ’ வருவதையும் குறித்திருக்கிறார். தமிழ்ப் பிள்ளையும் அப்படித்தான். “பசிக்குதா கண்ணு?” என்று பாட்டி கேட்டுக் கேட்டு, பசிக்கும்போது பிள்ளை பாட்டியிடம் வந்து “பசிக்குதா கண்ணு?” என்பான். நெடுங்காலம் இதைப் பொருளற்ற உளறல் என்றே ஒதுக்கினார்கள். 1980களில் பாரி பிரிசன்ட் போன்றவர்கள் உன்னிப்பாகக் கவனித்து, அதில் கேட்பது, மறுப்பது, ஆமோதிப்பது எல்லாம் இருக்கின்றன என்று காட்டினார்கள். அந்த ‘கண்ணு’ முக்கியம். பசி என்ற உணர்வோடு பாட்டியின் கொஞ்சலும் சேர்ந்தே அவனுக்குள் போயிருக்கிறது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்ற பொத்தானில் அது கிடையாது. பாட்டியின் குரலிலேயே ‘பசிக்குதா கண்ணு’ என்று பதிவுசெய்து ஒரு பொத்தான் வைத்துத் தொடங்கினால் என்ன?

‘வேணாம்’ இருக்கிறதா?

கருவியைத் தூக்கிப் பிடிக்கும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் ரோஸ்மேரி க்ராஸ்லி தொடங்கி, 1990களில் டக்ளஸ் பிக்லன் அமெரிக்காவில் பரப்பிய ஒரு முறையில் உதவியாளர் பிள்ளையின் கையைத் தாங்கிக்கொள்வார். பிள்ளை எழுத்துகளைத் தட்டும். பேசாத பிள்ளைகள் கவிதையெல்லாம் எழுதினார்கள். பெற்றோர் அழுதார்கள். பிறகு பிள்ளைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறு படமும் காட்டிச் சோதித்தபோது, உதவியாளர் பார்த்த படமே எழுத்தில் வந்தது. அமெரிக்க உளவியல் சங்கம் 1994இல் அந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது. உதவியாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். தாங்கள்தான் எழுதுகிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அன்பு மிகுந்தால் பிறர் வாயில் நம் சொல்லைத் திணிப்பது அவ்வளவு எளிது.

அதனால் எந்தச் செயலியைக் காட்டினாலும் நான் முதலில் தேடுவது ஒரு பொத்தானைத்தான்: ‘வேணாம்’. பல பலகைகளில் ‘நன்றி’ இருக்கும், ‘வணக்கம்’ இருக்கும், ‘மன்னிக்கவும்’ இருக்கும். ‘வேணாம்’, ‘விடு’, ‘பிடிக்கல’ இருக்காது. நல்ல பிள்ளைக்கான தமிழை மட்டும் ஏற்றி வைத்திருப்பார்கள். மறுக்க முடியாதவன் பேசுகிறான் என்று யாரும் சொல்ல முடியாது. தன்னை யாராவது தொடக் கூடாத விதத்தில் தொட்டால் அவன் எந்தப் பொத்தானை அழுத்துவான்?

எழுதுகிறவர்களின் வேலை

கணினித் தமிழில் நமக்குப் பெருமை அதிகம். நியாயமான பெருமைதான். முத்து நெடுமாறனின் ‘முரசு’ 1985இல் இந்த மண்ணில் பிறந்தது. கைப்பேசியில் தமிழ் எழுத வைத்த ‘செல்லினம்’ 2005இல் வெளியீடு கண்டது. முதல் தமிழ் இணைய மாநாடு 1997இல் சிங்கப்பூரில் நடந்தது. 2001இல் கோலாலம்பூரில் நடந்தது. எழுத்துருவுக்கும் விசைப்பலகைக்கும் ஆண்டுக்கணக்காகச் சண்டை போட்ட சமூகம் நம்முடையது. எழுத்து தெரிந்தவனுக்காகப் போட்ட அந்தச் சண்டையில் கால்வாசியையாவது பேச்சே வராத பிள்ளைக்காகப் போட்டிருந்தால் இன்று ஒவ்வொரு சிறப்பு வகுப்பிலும் மலேசியத் தமிழ் பேசும் பலகை ஒன்று இருந்திருக்கும்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம். படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு ‘அராசாக்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான படக்குறிகளை, விற்பனை நோக்கமில்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு பொதுவில் வைத்திருக்கிறது. குரல் நம்மிடம் இருக்கிறது. இல்லாதது சொற்பட்டியல். நம் வீடுகளில் பிள்ளைகள் உண்மையில் கேட்கும் நூறு சொற்கள் எவை? இந்தக் கேள்விக்கு ஒரு மருத்துவரைவிட ஒரு சிறுகதை ஆசிரியர் நன்றாகப் பதில் சொல்வார். உரையாடல் எழுதக் காதைத் தீட்டிக்கொண்டு அலைகிறோமே, அந்தக் காது இதற்கும் ஆகும். எந்த வயதுப் பிள்ளைக்கு எந்தக் குரல் என்பதையும் யோசியுங்கள். எட்டு வயதுச் சிறுமியின் பலகையிலிருந்து நாற்பது வயது வானொலிக் குரல் வர வேண்டாம். அக்காளோ மாமன் மகளோ பதிவுசெய்து கொடுக்கட்டும். டேப்லெட் வாங்க முடியாத வீட்டுக்கு அதே பலகையைக் காகிதத்தில் அச்சிட்டு நெகிழிப்பை போட்டுக் கொடுக்கலாம். மின்கலம் தீராத கருவி அது.

இன்னொரு வேலையும் உண்டு. அமெரிக்க ஆசிரியர் கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் ‘சமூகக் கதை’ என்ற வடிவத்தை உருவாக்கினார். முடி வெட்டப் போவது, பல் மருத்துவரிடம் போவது போன்ற ஒரு சூழலை, அங்கே என்ன நடக்கும், யார் என்ன செய்வார்கள் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லும் சின்னக் கதை. இன்று அவற்றைப் படமும் ஒலியும் சேர்த்து டேப்லெட்டில் காட்டுகிறார்கள். அதற்கு அவர் வைத்த முக்கியமான விதி, அறிவுரை குறைவாகவும் விவரிப்பு அதிகமாகவும் இருக்க வேண்டும் என்பது. நம் சிறுகதைப் போட்டிகளுக்கும் இந்த விதியைப் பரிந்துரைக்கிறேன். பத்துமலையில் தைப்பூசத்தன்று உறுமிச் சத்தம் எப்படி இருக்கும், எப்போது நிற்கும், எங்கே போனால் குறையும் என்று ஒரு பிள்ளைக்குத் தமிழில் சொல்லும் கதை எங்கே? கல்யாண மண்டபத்தின் ஒலிபெருக்கியைப் பற்றி? பள்ளிச் சிற்றுண்டிச் சாலையின் வரிசையைப் பற்றி? பனி பொழியும் ஊரின் கதையைப் பதிவிறக்கிப் படிக்க வைப்பதைவிட, நம்மில் ஒருவர் உட்கார்ந்து பன்னிரண்டு வாக்கியம் எழுதுவது நல்லது. விருது கிடைக்காது. ஆனால் வரிக்கு வரி உண்மையாகப் படிக்கும் வாசகன் ஒருவன் கிடைப்பான். அதில் ஒரு பொய் இருந்தால் அவன் தாங்கமாட்டான். ‘சத்தம் அஞ்சு நிமிஷத்துல நின்னுடும்’ என்று எழுதிவிட்டு, அது அரை மணி நேரம் நீடித்தால் அந்த எழுத்தாளரை அவன் மன்னிக்க மாட்டான்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. பிள்ளை பேசுவதற்கு வைத்திருக்கும் டேப்லெட்டைத் தண்டனையாகப் பிடுங்கி வைக்காதீர்கள். சத்தம் போட்ட பிள்ளையின் வாயைத் தைப்பவர் யாரும் இல்லை. பரிசாகத் தர வேண்டுமென்றால் அதற்கு வேறொன்று வாங்குங்கள். பெற்றோருக்கு ஒன்று. தமிழை விடச் சொல்பவரிடம், எந்த ஆய்வைப் படித்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பாட்டியைப் பேச விடுங்கள்.

தமிழ் வாழ வேண்டும் என்று பேசாத நாள் நமக்கு இல்லை. ஒரு மொழி வாழ்வதற்கு அதில் கவிதை எழுதுகிறவர்கள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த மொழியில் வயிறு வலிக்கிறது என்று சொல்ல முடியாத ஒரு பிள்ளையை வகுப்பின் மூலையில் உட்கார வைத்துவிட்டு எழுதும் கவிதையின்மேல்தான் எனக்குச் சந்தேகம். முதலில் அந்தப் பொத்தானை வையுங்கள். ‘தண்ணி’ என்றே எழுதுங்கள்.